நாலு துளை

விடுமுறை முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பிய நர்ஸ், ஏழாம் அறைக்குள் நுழைந்ததும் முகம் சுளித்தாள். கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அறுபது வயது மனிதர் ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முதியவர் நின்றபடி அவருக்கு ஸ்பூனால் வெந்நீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கட்டிலில் தொங்கிய சீட்டைப் படித்தாள்.

"என்ன சார் இது? குடல் புற்றுக் கட்டியை எடுத்து மூணு நாள் ஆச்சு. வயித்தைக் கிழிக்கக்கூட இல்ல, நாலே நாலு துளை. எழுந்து நடக்க வேணாமா?"

"நானும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டேன் சிஸ்டர். அசைய மாட்டேங்கறான்" என்றார் முதியவர்.

"எண்பது வயசு ஆளைத் துணைக்கு விட்டிருக்காங்களே, வீட்ல வேற ஆளே இல்லையா தாத்தா?"

"இருக்கற ஒரே ஆளு இவன்தான்."

"ஐயோ, தலை சுத்துதே!" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

நர்ஸ் போர்வையை விலக்கி அவர் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தாத்தா! துளையெல்லாம் எங்க?"

"இங்க இருக்கு" என்று முதியவர் தன் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி. "இவன் எனக்குத் துணைக்கு வந்த புள்ள சிஸ்டர். நேத்து டாக்டர் ஆபரேஷன் வீடியோவை டிவியில போட்டு என் குடலைக் காட்டினாரு. அதைப் பாத்து மயங்கி விழுந்தவன், இன்னும் எழுந்திருக்கல."

"சார், முதல்ல கட்டிலை விட்டு இறங்குங்க!"

முதியவர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. மறுபடி மயங்கி விழுந்தான்னா என்னால தூக்கிப் போட முடியாது. கனமானது எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."