பேட்டரித் தீ

பாலைவனத்தில் விறகு எரிக்கத் தடை என்பதால், தெய்வநாயகம் பேட்டரியில் எரியும் தீ ஒன்றை வாங்கி வந்திருந்தார். பொத்தானை அழுத்தியதும் அடியிலிருந்த விசிறி சுழன்று, செம்மஞ்சள் பட்டுத்துணியை அசல் நெருப்பாகவே ஆட்டியது. பொழுது சாய்ந்து குளிர் ஏறியது. அவரும் மனைவி பரிமளமும் எதிரெதிரே உட்கார்ந்து கைகளை நீட்டினார்கள். விசிறிக் காற்றில் விரல்கள் விறைத்தன.

“கதகதன்னு இருக்குல்ல?”

“இருக்குங்க,” என்றாள் பரிமளம், பல் தந்தியடிக்க. சற்று நேரத்தில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற?”

“கார்ல உக்காந்துக்கறேன். புகை கண்ணைக் கரிக்குது.”

கார் ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எரிகிற தீயை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? தெய்வநாயகம் இரண்டு கை மணலை அள்ளி அதன்மேல் கொட்டிவிட்டு, கண்ணைக் கசக்கியபடி காரை நோக்கி ஓடினார்.