பதினோரு படிகள்

வேண்டாம் வேண்டாம் என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டதையும் கேட்காமல், சோலையப்பன் முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றார்.

மீசையை வேறு சீவியிருந்தார்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

ஓய்வூதியர் சங்கச் செயலாளர் மிக்கேல் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மதினி, ஆபீசர் வரும்போது சோலையப்பன் நோயாளியாத்தான் இருக்கணும். இருமல் வந்தா இருமட்டும். வீராப்பு காட்ட மட்டும் விட்டுறாதீங்க."

நோயாளியாக இரு என்று நோயாளியிடமே கெஞ்ச வேண்டியிருக்கிறது. என்ன பிழைப்போ இது.

இத்தனை காலம் தீயணைப்பு ஓய்வூதியர்களுக்கென்று ஒரு சின்ன நிதி தனியாக இருந்தது. அதை நடத்தியவர்கள் எல்லோரும் தீக்குள் போய் வந்தவர்கள். யாருக்கு எங்கே சுட்டது, யார் எந்தப் புகையைக் குடித்தார் என்று அவர்களுக்குத் தெரியும். சோலையப்பனின் நுரையீரலை எந்தப் பட்டாசு ஆலைப் புகை தின்றது என்பதும் தெரியும். ஒருவரும் அத்தாட்சி கேட்டதில்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியத்தோடு இயலாமைப் படியும் வந்துவிடும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அது சரியாக இருந்தது.

இப்போது அந்த நிதியைப் பெரிய பொது நிதியோடு சேர்க்கிறார்கள்.

அங்கே இவரை யாருக்குத் தெரியும்? லட்சம் பேரில் ஒரு பேர். துறை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, இயலாதவர் என்று எழுதினால்தான் படி தொடரும்.

எழுதாவிட்டால் சிலிண்டர் இல்லை.

சிலிண்டர் இல்லாவிட்டால் என்ன என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டாள்.

வாசலில் ஜீப் நின்றது.

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். மகனாக இருக்க வேண்டிய வயது. ஆனால் காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம். அவர் இருந்த அதே துறை.

அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார்.

எழுந்தார். குதிகால்கள் சேர்ந்தன. கை நெற்றிக்குப் போனது.

"முன்னணி தீயணைப்பாளர் ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு, ரிப்போர்ட் சார்!"

பாவி மனுஷா, என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள்.

அதிகாரி பதில் வணக்கம் வைத்தான். உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை. அதிகாரி நிற்கும்போது அவர் எப்போது உட்கார்ந்தார்?

"மூச்சு வாங்குதா ஐயா?"

"இல்ல சார்."

"நடக்க முடியுதா?"

"நல்லா நடப்பேன் சார்."

காலையில் கழிப்பறைக்குப் போய் வர அவருக்குக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் தோளில்தான் போனார், அவள் தோளில்தான் வந்தார்.

அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. கேட்டதைத்தான் எழுத முடியும். கண்ணால் கண்டதை எழுதலாமென்றால், கண்முன் நிற்பவர் விறைப்பாக நிற்கிறார்.

அவள் வாயைத் திறந்தாள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தோரு வருஷத்தில் இரண்டு முறைதான் அப்படிப் பார்த்திருக்கிறார். வாய் தானாக மூடிக்கொண்டது.

அதிகாரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு. பதினோரு படி. அவர் அதில் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் படிக்கட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஏறச் சொல்லட்டுமா என்று கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவன் கேட்டால் அவர் மறுக்கமாட்டார். மேலே ஏறு என்று காக்கிச் சட்டை சொல்லி, ஏன் என்று கேட்ட ஆள் இல்லை.



சரி என்று தலையை ஆட்டினாள்.

"மாடிக்கு ஏறிக் காட்டுங்க ஐயா."

"எஸ் சார்."

முதல் படி. இரண்டாம் படி. கைப்பிடியைத் தொடவே இல்லை.

அதிகாரி காகிதங்களை நாற்காலியில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனான். ஒரு படி கீழே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஏறினான். ஏணியில் ஏறுபவனுக்குக் கீழே எப்போதும் ஒருவன் அப்படித்தான் நிற்பான் என்று அவர் என்றோ சொல்லியிருக்கிறார்.

மூன்றில் அவர் கைப்பிடியைப் பிடித்தார்.

நான்கில் அந்தச் சத்தம் வந்தது. அவள் இரவெல்லாம் கேட்கிற சத்தம். ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டும் என்று அவள் கை பரபரத்தது. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

நல்லா மூச்சு வாங்கட்டும். அவன் பார்க்கட்டும்.

இப்படி நினைத்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

ஐந்தில் அவர் நின்றுவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போதும் ஐயா," என்றான் அதிகாரி. "பார்த்துட்டேன். அப்படியே எழுதிடுறேன். படி நிக்காது. இறங்குவோம், வாங்க."

அப்பாடா.

அவள் குழாயை எடுத்துக்கொண்டு படிக்கட்டடிக்கு ஓடினாள்.

அவர் இறங்கவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து மூச்சை இழுத்துக்கொண்டார். அவமானத்தில் கண் கலங்கியிருந்தது.

"ஒரே நிமிஷம் சார்," என்றார். "இன்னும் ஆறுதான். ஏறிடுவேன்."

காலைத் தூக்கினார். எதிரே மாடிக் கதவு வெயிலுக்குத் திறந்து கிடந்தது.