பூசாரி மட்டும் வரல

காலையில வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்களத்துல தேயிலைத் தோட்டமே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வரிசையா நிக்குது. பூசாரி சிவசாமியை மட்டும் காணோம்.

லெட்சுமிக்கு நின்ன இடத்துல நிக்க முடியல. அவ பூசாரி பொண்டாட்டி.

"எங்கடி ஒன் வீட்டுக்காரரு?" முன்னால நின்ன ராக்காயி திரும்பிக் கேட்டா.

"வருவாரு."

"ஆத்தா ஊருக்குத்தான் உத்தரவு போட்டுச்சு. பூசாரிக்குப் போட மறந்துருச்சு போல."

வரிசையில நாலு பேர் சிரிச்சாங்க. லெட்சுமி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

சிரிக்கிற காலமும் இல்ல அது. பக்கத்துத் தோட்டத்துல பெரியம்மை. ஒரே லயத்து வீடுகள்ல அடுத்தடுத்துப் பாடை. கொட்டகலையில கடை வச்சிருக்கிற ஹமீது முதலாளி யாரையும் உள்ள விடுறதில்லையாம். நீளக் கம்பு நுனியில கூடையைக் கட்டி, அதுலதான் அரிசி பருப்பை நீட்டுறாராம்.

டொக்டர் ஐயா போன வாரமே அம்மை குத்த வந்தாரு. படிச்சது மருந்து கலக்கத்தான். ஆனா தோட்டத்துக்கு அவர்தான் டொக்டர். பெரட்டுக்களத்துல மேசை போட்டு நாள் பூரா உக்காந்திருந்தாரு. வந்தது தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் ஒரு நாயும். நாய் வேடிக்கை பார்க்க வந்தது.

சனம் ஏன் வரும்? அம்மைன்னா ஆத்தா. வீடு தேடி வர்றவளை ஊசியால குத்தி விரட்டுறதான்னு எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

டொக்டர் ஐயா நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போனாரு. எப்பவும் 'நீ'ன்னு பேசுறவரு, காரியம் ஆகணுமே, "பூசாரி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா சனம் கேக்கும்"னாரு.

"நான் சொல்லி என்னங்க ஆவப்போவுது? ஆத்தா சொல்லணும். அவ நான் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வர்றவ இல்லீங்களே."

"இந்தப் புடிவாதத்துல எத்தனை புள்ளைங்க சாகப்போகுதோ"ன்னு முணுமுணுத்துக்கிட்டே ஐயா இறங்கிப் போயிட்டாரு.

ஆனா வெள்ளிக்கிழமை பூசையில ஆத்தா வந்துட்டா. சிவசாமி உடுக்கைச் சத்தத்துக்கு எகிறி எகிறி ஆடினாரு. "போய்க் குத்திக்குங்கடா மக்கா. அந்தத் தழும்பு என் முத்திரை. முத்திரை போட்ட புள்ளையை நான் தொடமாட்டேன்"னாரு.

முதல்ல கால்ல விழுந்தது லெட்சுமிதான். அப்புறம் ஊரே விழுந்துச்சு.

மறுநாள் காலையில இந்த வரிசை. இந்தத் தடவை நாய்க்கு நிக்க இடமில்ல.

கடைசியா லெட்சுமி முறை வந்துச்சு. ஐயா மருந்தை வச்சுக் கீறிக்கிட்டே கேட்டாரு.

"ஒன் புருசன் எங்க?"

"கோயில்ல ஏதோ வேலையா இருக்காருங்க."

"நல்ல வேலை. ஊரை இங்க அனுப்பிட்டு அவரு அங்க ஒளிஞ்சுக்கிட்டாரு. ஒரு கீறலுக்கு இவ்வளவு பயமா? போய் இழுத்துட்டு வா, நான் காத்திருக்கேன்."

எரியுற கையை ஊதிக்கிட்டே லெட்சுமி மேட்டுல ஏறினா. சிவசாமி வாசப்படியில உக்காந்து சாம்பலைப் போட்டு விளக்குத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு.

"ஐயா கூப்பிடுறாருங்க."

"எல்லாரும் குத்திக்கிட்டாங்களா?"

"ம்."

"ராக்காயி பேத்தி?"

"அது போட்ட கத்தல் இங்க வரைக்கும் கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு." அவரு முகம் லேசா மலர்ந்துச்சு. "யாரு புள்ளைன்னுதான் தெரியல."

"எந்திரிங்க. போவோம்."

"நான் வரல, புள்ள."

"ஊரே சிரிக்குது. பயந்தாங்கொள்ளின்னு பேசுறாங்க."

"பேசிட்டுப் போறாங்க."

"பேச்சு கிடக்கட்டுங்க." லெட்சுமி குரல் உடைஞ்சுச்சு. "எனக்கு ஒங்களை விட்டா யாரு இருக்கா? பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தது இங்க வர எவ்வளவு நேரமாவும்? ஆத்தாவே சொல்லிட்டா, அப்புறம் ஒங்களுக்கு என்ன?"

சிவசாமி விளக்கைக் கீழே வச்சாரு. சாம்பல் கையை வேட்டியில தொடைச்சாரு.

"ஐயா வந்துட்டுப் போனப்புறம் ஒரு நாள் அந்தத் தோட்டத்து வழியா வந்தேன், புள்ள. மேல் ரோட்டுல நின்னு பார்த்தேன். சின்னஞ்சிறுசுகளா பார்த்துப் புதைக்கிறாங்க. இங்க வந்து ஆத்தாவை எவ்வளவோ கூப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடின்னு. அவ வரல."

"வெள்ளிக்கிழமை வந்தாளே?"

"அன்னைக்கும் வரல. நானாத்தான் ஆடினேன்."

லெட்சுமி அப்படியே படியில உக்காந்துட்டா. இத்தனை வருசத்துல ஆத்தா வாக்குன்னு ஒரு பூவைக்கூடப் பொய்யா எடுத்துக் குடுக்காத மனுசன்.

"சரி, புள்ளைங்களுக்காகச் சொன்னதுதானே"ன்னா மெதுவா. "அதுக்கும் நீங்க குத்திக்காம இருக்கிறதுக்கும் என்னங்க?"

சிவசாமி கோயில் உள்பக்கமா ஒரு தடவை பார்த்தாரு.

"அவ பேருல பொய் சொல்லியிருக்கேன். ஏன்டான்னு கேக்க என்கிட்ட வருவா இல்லையா? அந்நேரம் நானும் முத்திரையைக் காட்டித் தப்பிச்சுக்கிட்டா, பாவம், அவ வேற யாரு வீட்டுக்குப் போய்க் கேப்பா?"