பூனைக்கென்று வாங்கிய மீன்தோல்

பூக்குழிக்கு முன்னால் வரிசையில் இரண்டாவது ஆளாக நின்ற கந்தப்பனின் காலை ஒரு பூனை நக்கியது.

குனிந்து பார்த்தார். கறுப்புப் பூனை. அதன் பின்னால் இன்னும் மூன்று.

தப்பு மேளம் அதிர்ந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. விரதத்தில் மீனைத் தொட்டவனை ஆத்தா நெருப்பில் காட்டிக்கொடுப்பாள் என்பது இந்த லயத்து வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கந்தப்பன் அன்று காலையில்கூட மீன்தோல் சூப் குடித்திருந்தார்.

ருசிக்காக இல்லை. பிரஷருக்காக. "இந்தப் பிரஷரோட நெருப்புப் பக்கம் போனா விழுந்துருவீங்க" என்று டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இது மகள் வினோதாவின் பிரசவத்துக்கு வைத்த நேர்த்தி. தாயும் பிள்ளையும் சுகம். இனிப் பின்வாங்க முடியாது.

காப்புக் கட்டுவதற்கு முன்பு ஒருநாள் யாழ்ப்பாணத்து நடராசா மாஸ்டர் கோவிலடியில் பத்திரிகையை விரித்துச் சொன்னார்: "கழிச்சு எறியிற மீன்தோல், செதிள், முள்ளிலயிருந்து பெப்டைட் எண்டு ஒண்டு எடுக்கினமாம். பிரஷரைக் குறைக்குமோ எண்டு இப்பதான் எலியளுக்குக் குடுத்துப் பாக்கினம்."

எலிக்கு ஆவது நமக்கு ஆகாதா என்று கந்தப்பன் ஹட்டனுக்கு பஸ் ஏறினார். மீன்கடையில் வெட்கப்பட்டு, பூனைக்கு என்று சொல்லித் தோலைக் கேட்டார்.

மீன்கடைக்காரர் பையை நீட்டினார். "உங்க தோட்டத்துல பூனை ரொம்ப ஜாஸ்திங்களாண்ணே?"

விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்துக் காய்ச்சினார். அந்த வாசம் பனியோடு மலையேறிக் கொழுந்தில் படிந்தது. ஃபேக்டரியில் டீமேக்கர் ஒரு மடக்குத் தேநீரை ருசி பார்த்துவிட்டு நெடுநேரம் கடலை நினைத்துக்கொண்டிருந்தாராம்.

காப்புக் கட்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. குடிக்காவிட்டால் பிரஷர் குழிக்குள் தள்ளும். குடித்தால் ஆத்தா சுடுவாள். இரண்டு பேரில் ஆத்தாவிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

இப்போது கறுப்புப் பூனை வேட்டியைப் பிடித்து ஏறத் தொடங்கியது.

குழியின் அந்தப் பக்கம், பாலூற்றிய பள்ளத்தருகே மனைவி நாகலெட்சுமி நின்றாள். "சுத்தமாத்தானே இருக்கீங்க?" என்று காலையில் கேட்டவள். அவள் பார்வை பூனையில் விழுந்தது. அங்கிருந்து மெதுவாக அவர் முகத்துக்கு ஏறியது.

கந்தப்பனின் நெஞ்சு தப்பை முந்திக்கொண்டு அடித்தது. உள்ளங்கால் நெருப்பைத் தொடாமலே சுட்டது.

திடீரென்று பூனை குதித்து இறங்கியது. மற்ற மூன்றும் அதன் பின்னால் போயின. வாலைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளைச் சுற்றி நின்று கத்தின.

முதல் ஆள், தலையில் கரகம் தாங்கிய பூசாரி ஆண்டியப்பன்.

பூசாரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் செய்கிற வேலைபோல, குதிகாலால் பூனைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டார்.

பிறகு நெருப்பில் இறங்கினார்.

கந்தப்பன் கைகூப்பினார். பூசாரியின் பாதங்களை அவ்வளவு பக்தியோடு அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.