நீலத் தையல்

மௌயி தீவின் அந்த விரிகுடாவில் இறந்து கரை ஒதுங்கிய இரண்டாவது டால்பின் அது. கால்நடை மருத்துவர் நோஹெயா களைப்புடன் கையுறைகளை அணிந்துகொண்டார். சென்ற மாதம் இதன் குட்டி வைரஸ் நோயால் இறந்து ஒதுங்கியிருந்தது. அதன் நுரையீரலை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு, அறுத்த இடத்தை நீல நூலால் தைத்து, பச்சை இலை மாலை சாத்தி, மீனவர் கவெலோவின் படகில் கடலுக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தாய்க்கும் அதே நோய் என்றால், கூட்டத்தில் மிச்சமிருப்பவை பிழைப்பது அரிது.

“ராத்திரி தூங்குனியா, இல்ல ஆய்வகத்துக்குக் காவல் நின்னியா?” என்றார் கவெலோ.

“தூக்கமெல்லாம் உங்களுக்குத்தான் அங்கிள்.”

தாயைப் புரட்டியதும் நோஹெயா அறுக்க எடுத்த கத்தியைத் தாழ்த்தினார். முலைக்காம்புகளில் பால் கசிந்துகொண்டிருந்தது. சற்று முன்புவரை ஒரு குட்டி குடித்த தடம் தெரிந்தது.

“வேற ஏதாவது குட்டி குடிச்சிருக்குமா அங்கிள்?”

“இந்தக் கூட்டத்துல வேற குட்டி ஏதும்மா? இரு, அதோ ஒண்ணு வருது.”

ஆழமற்ற நீரில் ஒரு குட்டி தாயின் அருகே வந்து மல்லாந்து புரண்டது. அதன் தொண்டையிலிருந்து தொப்புள்வரை நீல நூல் ஓடியிருந்தது. இடக்கைப் பழக்கமுள்ள நோஹெயா மட்டுமே போடும் முடிச்சுகள் அவை.

“உன் தையல்தானேம்மா அது?” என்று கவெலோ மெல்லக் கேட்டார்.

குட்டி ஒருமுறைகூட மூச்சுவிடாமல், தூரத்தில் நின்ற கூட்டத்தை நோக்கித் திரும்பிச் சென்றது. அங்கே இன்னொரு பெண் டால்பின், பால் கொடுக்க வாகாக ஒருக்களித்துச் சாய்ந்தது.