கைதட்டக் கூடாத இடம்

“ரெண்டு கையையும் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கன்னா குடுங்க.”

கணக்குப் பேராசிரியர் கொடுத்தார். மனைவி அவற்றை வாங்கித் தன் மடியில் வைத்து, மேலே தன் கைகளைப் போட்டு அழுத்திக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு மாணவி களுக்கென்று சிரித்தாள். “மேடத்தைப் பாருடி. இந்த வயசுலயும்!”

மேடம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் கலை மையத்துக்கு அவள்தான் பொறுப்பு. யார் என்ன நினைத்தாலும் சரி, இன்று இந்த இரண்டு கைகளும் ஒன்று சேரக் கூடாது.

முன்வரிசையில் துணைவேந்தர் உட்கார்ந்திருந்தார். இந்தச் சின்ன அரங்கத்தின் மேல் கணினித் துறைக்கு ரொம்ப நாளாகக் கண். நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இயந்திரங்களை அடுக்க வேண்டுமாம். “ஒரு நிகழ்ச்சியை நேர்ல கேட்டுட்டு முடிவு சொல்றேன்” என்று துணைவேந்தர் சொல்லியிருந்தார். அந்த நிகழ்ச்சிதான் இது.

“போன தடவை மாதிரி என் மானத்தை வாங்கிடாதீங்க.”

“போன தடவை நான் என்ன பண்ணேன்?”

“அந்தப் பொண்ணு புல்லாங்குழலைப் பாதிதான் வாசிச்சிருக்கா. நீங்க பாட்டுக்கு எழுந்து நின்னு படபடன்னு தட்டுறீங்க. அவ வாசிக்கிறதையே நிறுத்திட்டா.”

“நல்லா இருந்துச்சு. தட்டினேன்.”

“அதுக்கு முன்னாடி பியானோ வாசிச்ச பையன்?”

“அவனும் நல்லாத்தான் வாசிச்சான்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து சமைச்சுப் போடுறேன். ஒரு நாள் தட்டியிருக்கீங்களா?”

பேராசிரியர் யோசித்தார். “நீ ஒரு நாளும் பாதியில நின்னதில்லையே.”

“இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னிக்கு இந்தப் பையன் வயலின்ல வாசிக்கப்போறதுல மூணு பகுதி இருக்கு. முதல் பகுதி முடிஞ்சா நிறுத்துவான். தட்டக் கூடாது. ரெண்டாவது முடிஞ்சாலும் தட்டக் கூடாது. மூணாவது முடிஞ்சு, வில்லைக் கீழ இறக்கினப்புறம் நான் தலையாட்டுவேன். அப்ப தட்டலாம்.”

“பரீட்சை ஹால்லகூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.”

வயலினோடு மேடையேறியவன் வேதியியல் ஆய்வு மாணவன். எதிரில் இசைக்குறிப்புத் தாள் வைத்துக்கொள்ளாமல் மனப்பாடமாக வாசிப்பவன். வணக்கம் சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையைத் தேடிப் பார்த்தான். சார் இருந்தார். சாரின் கைகள் இருந்த இடத்தைப் பார்த்ததும் அவன் முகம் என்னவோ போலானது. வாசிக்கத் தொடங்கினான்.

முதல் பகுதி முடிந்தது. ஒரு சத்தம் இல்லை. அவளுக்கு அந்த நிசப்தம் பாயசமாக இனித்தது. துணைவேந்தர் கண்ணை மூடியிருந்தார். ரசனையா, தூக்கமா என்பது பின்னாலிருந்து தெரியவில்லை.

இரண்டாவது பகுதியின் நடுவில் வயலின் வாசித்த இடத்தையே மறுபடி வாசித்தது. அப்புறம் இன்னொரு தடவை.

மடியில் கைகள் நெளிந்தன.

“விடு.”

“இன்னும் முடியலை.”

“விடும்மா. அவனுக்கு மறந்து போச்சு.”

“சங்கீதத்துல உங்களுக்கு ஆனா ஆவன்னா தெரியுமா?”

“சங்கீதம் தெரியாது. அந்த முகம் தெரியும். போர்டுல கணக்குப் போடச் சொன்னா பாதி வகுப்பு இந்த மூஞ்சியோடதான் நிக்கும். அடுத்த வரி காணாமப் போயிடும். போன தடவை அந்தப் பொண்ணுக்கும் இதே மூஞ்சிதான்.”

அவள் மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

போன தடவை கைதட்டல் அடங்குவதற்குள் புல்லாங்குழல் பெண் தண்ணீர் குடித்தாள், மூச்சு வாங்கினாள், விட்ட இடத்திலிருந்து ஜோராக வாசித்து முடித்தாள். நிகழ்ச்சி முடிந்ததும், கணவர் செய்த காரியத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தாள் இவள். “பரவாயில்லை மேடம், அடுத்த தடவையும் சாரைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க” என்றாள் அந்தப் பெண். என்ன பெருந்தன்மை என்று இவள் வீடு வரைக்கும் வியந்துகொண்டே போனாள்.

பியானோக்காரப் பையனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான்.

மேடையில் வில் நின்றுவிட்டது. துணைவேந்தர் தலையைத் தூக்கினார். யாரோ இருமினார்கள். பையன் வயலினையே வெறித்தபடி நின்றான்.

அவள் பிடியை விட்டாள்.

பேராசிரியர் கைகளைத் தூக்கினார். அவை சேரவில்லை. அவள் அழுத்தியிருந்த அழுத்தில் விரல்கள் மரத்துப் போய், ஈரக் கையை உதறுவதுபோல் உதறிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். இரண்டாம் பகுதியின் நட்டநடுவில், படபடவென்று தட்டினாள்.

பொறுப்பாளரே தட்டும்போது மற்றவர்களுக்கு என்ன? மூன்றாவது வரிசை தட்டியது. பின்வரிசை விசிலே அடித்தது. தூங்கியது தெரிந்துவிடக் கூடாதே என்பதுபோல் துணைவேந்தர் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

பையன் குனிந்து வணங்கினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கூரையைப் பார்த்துக்கொண்டு உதடுகளை மெல்ல அசைத்தான். பிறகு வயலினைத் தோளில் ஏற்றி, அந்த இடத்தைத் தாண்டிப் போனான்.

அவள் உட்கார்ந்தாள். கணவரின் கைகளைத் திரும்பவும் மடிக்கு எடுத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட ஆரம்பித்தாள்.