இரண்டு கோடி பாஸ்வேர்டுகள்

"உங்க கணவருக்கு எந்த மருந்து ஒத்துக்காது?" ஆபரேஷனுக்கு முன் டாக்டர் அவசரப்படுத்தினார். மயங்கிக் கிடந்தவரின் லேப்டாப்பில் அந்த விவரம் பூட்டியிருந்தது.

கணவரோடு பாதுகாப்பு ஆய்வு செய்யும் நண்பன், லேப்டாப்பில் பாஸ்வேர்டு உருமாறிப் பதிவாகியிருந்த ரகசியக் குறியை எடுத்து, ஓர் அட்டவணையில் தேடிப் பார்த்தான். எந்தப் பாஸ்வேர்டு எந்தக் குறியாக மாறும் என்று, இரண்டு கோடி பாஸ்வேர்டுகளுக்கு அந்தக் கணவரே முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்த அட்டவணை அது.

"இதுல சிக்கல அண்ணி. ஊர்ல இருக்கிற பொம்பளைங்க பேரையெல்லாம் போட்டிருக்கார்!"

"என் பேரு?" மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "ஒருநாளாவது வாய் நிறையக் கூப்பிட்டிருப்பாரா? எப்பவும் 'ஏய்'தான்."

தேடியவன் விழித்தான். "உங்க பேர் மட்டும் இல்லையே! தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேராச்சே?"

அவள் முகம் சுருங்கியது. மறுகணம் லேப்டாப்பை வெடுக்கென்று இழுத்தாள்.

"தன் பாஸ்வேர்டைத் தானே யாராவது அட்டவணையில போட்டுக் காட்டிக்கொடுப்பாங்களா?"

தன் பெயரை அடித்தாள். திறந்துகொண்டது.

டாக்டரிடம் மருந்தின் பெயரைப் படித்துச் சொல்வதற்குள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.